வயிற்றுவழி டயாலிசிஸ்: தொற்று வரப்போவதை இரத்தப் பரிசோதனை முன்கூட்டியே சொல்லுமா?

தாமிரபரணிக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 58. இருபது ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். சிறுநீரகங்கள் செயலிழந்தபின் முதல் ஏழு மாதங்கள் மருத்துவமனைக்குச் சென்று இயந்திர டயாலிசிஸ் செய்துகொண்டார். வாரம் மூன்று முறை பேருந்தில் போய்வர உடல் இடம்கொடுக்காததால், கடந்த 14 மாதங்களாக வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ், அதாவது சி.ஏ.பி.டி. முறையில், நாளொன்றுக்கு நான்கு முறை இரண்டு லிட்டர் பை மாற்றிவருகிறோம். ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் வடிந்த திரவம் அரிசி கழுவிய நீரைப் போலக் கலங்கியிருந்தது. பெரிட்டோனைட்டிஸ், அதாவது வயிற்றறையின் உட்சவ்வில் தொற்று, என்று உறுதிசெய்து, இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் மருந்தைப் பைக்குள்ளேயே கலந்து செலுத்திக் குணப்படுத்தினார்கள். அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு பையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். நானும் ஒருமுறை பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி.

இப்போது என் தம்பி ஒரு யோசனை சொல்கிறான். சி.ஆர்.பி., புரோகால்சிட்டோனின், ஃபெரிட்டின், இன்டர்லூக்கின் 6 ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து ஓர் ஆய்வகம் தொகுப்பாகச் செய்துதருகிறது. அதை மாதந்தோறும் செய்துவந்தால் அடுத்த தொற்று வரப்போவதை முன்பே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவன் எண்ணம். இணையத்தில் தேடியபோது, முழு இரத்த எண்ணிக்கையிலுள்ள இருவகை வெள்ளணுக்களில் நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்து வரும் விகிதமும் தொற்று அபாயத்தைக் காட்டும் என்று படித்தேன். சென்ற மாத அறிக்கையின்படி அம்மாவுக்கு இரத்தப் புரதமான அல்புமின் 3.0, சி.ஆர்.பி. 9, ஹீமோகுளோபின் 9.6, பொட்டாசியம் 3.2, நான் கணக்கிட்ட அந்த விகிதம் 3.8. காய்ச்சலோ வயிற்றுவலியோ இல்லை. இந்த எண்களை வைத்து எதையாவது முன்னறிய முடியுமா? அந்தத் தொகுப்புக்கு மாதந்தோறும் செலவிடுவது தகுமா? செலவு எங்களுக்குச் சிறிதன்று. ஆனால் பயன் உண்டென்றால் எப்படியாவது சமாளிப்போம்.

சிறுநீரகவியல் பயிலும் மருத்துவர் எழுதியது:

வணக்கம். நான் உங்கள் தாயாரைப் பரிசோதித்தவன் அல்லன் என்பதால், இங்கு எழுதுவதை அவருடைய மருத்துவரிடம் கேட்பதற்கான குறிப்புகளாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. தொற்று இப்போது இருக்கிறதா என்று கண்டறிவது ஒன்று. இன்று நலமாக இருப்பவருக்கு இனிமேல் வருமா என்று கணிப்பது வேறொன்று. தம்பி சொல்லும் தொகுப்பிலுள்ள பரிசோதனைகளில் பெரும்பாலானவை முதல் கேள்விக்காக உருவானவை. சி.ஆர்.பி. என்பது அழற்சி தொடங்கியபின் கல்லீரல் சுரக்கும் புரதம்; சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாளில் உச்சத்தை அடைந்து, காரணம் நீங்கினால் விரைவாக இறங்கிவிடும். இரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம்தான். இவ்வளவு விரைவாக ஏறி இறங்கும் ஒன்றை மாதத்தின் முதல் தேதியில் அளந்துவிட்டு, இருபதாம் தேதி வரப்போகும் தொற்றைப் பற்றிக் கேட்டால் அது என்ன சொல்லும்? புரோகால்சிட்டோனினும் அப்படித்தான். போதாக்குறைக்கு, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு எந்தத் தொற்றும் இல்லாதபோதே அதன் அளவு பொதுமக்களைவிடச் சற்று உயர்ந்திருக்கும். வயிற்றறைக்குள் மட்டும் அடங்கியிருக்கும் பெரிட்டோனைட்டிஸில் அது உயராமலேயே இருந்துவிடுவதும் உண்டு.

சி.ஆர்.பி. நிலையாக 9 என்று இருப்பது வேறு செய்தி. டயாலிசிஸ் நோயாளிகளில் கணிசமானோருக்கு ஈறு நோய், நீரிழிவு, இதயநோய், உடலில் தேங்கிய நீர் என ஏதேனும் ஒரு காரணத்தால் மெல்லிய அழற்சி நாள்பட நீடிக்கிறது. அத்தகையோருக்கு எல்லா விதமான சிக்கல்களும் சற்று அதிகம். தொற்றும் அவற்றுள் ஒன்று. அந்த எண், உடல் களைத்திருக்கிறது என்று சொல்கிறதே ஒழிய, எந்த வழியாக, எப்போது கிருமி நுழையும் என்று சொல்வதில்லை. ஃபெரிட்டின் இரும்புச் சத்துக்காக அளக்கப்படுவது. அழற்சியிலும் உயரும் என்பதால் தொற்றுக் கணிப்பில் அதனால் குழப்பமே மிஞ்சும். இன்டர்லூக்கின் 6 ஆராய்ச்சியில் மிகவும் பயனுள்ளது; மாதாந்திரப் பரிசோதனையாகச் செய்துகொள்ள இன்றைய நிலையில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அல்புமின் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸ் தொடங்கும்போது அல்புமின் குறைவாக இருப்பவர்களுக்குப் பிற்காலத்தில் பெரிட்டோனைட்டிஸ் அதிகம் வருகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் அந்த எண் நான்கைந்து காரணங்களின் கூட்டுத்தொகை. வடியும் திரவத்தோடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 10 கிராம் புரதம் வெளியேறுகிறது. பெரிட்டோனியச் சவ்வு வேகமாகக் கடத்தும் இயல்புடையவர்களுக்கும், பெரிட்டோனைட்டிஸ் இருக்கும் நாட்களிலும் இழப்பு இன்னும் கூடும். பசியின்மையால் உணவு குறைகிறது. அழற்சி இருந்தால் கல்லீரல் அல்புமின் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. உடலில் நீர் தேங்கினால் உள்ளதும் நீர்த்துப்போகிறது. ஆகவே 3.0 என்று கண்டவுடன் முட்டையை மட்டும் கூட்டிப் பயனில்லை. எந்தக் காரணம் முன்னிற்கிறது என்று பார்க்க வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் என்பது டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அம்மா அதை எட்டுகிறாரா என்று உணவியல் நிபுணரிடம் ஒருமுறை கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் பட்டியலில் என் கண்ணில் முதலில் பட்டது நீங்கள் கடைசியில் எழுதிய பொட்டாசியம். 3.5க்குக் கீழே இருப்பது குறைவு, அவருக்கு 3.2. வழக்கமான டயாலிசிஸ் திரவத்தில் பொட்டாசியம் அறவே கிடையாது என்பதால், ஒவ்வொரு பையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டே போகிறது. பொட்டாசியம் குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகிறது; குடற்கிருமிகள் பெருகிச் சுவரைக் கடந்து வயிற்றறைக்குள் செல்ல அது வழிவிடக்கூடும் என்பது ஒரு விளக்கம். சத்துக்குறைவின் அடையாளமாகவும் அது இருக்கலாம். தாய்லாந்து உட்பட ஏழு நாடுகளின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வொன்றில், பல மாதங்கள் விடாமல் பொட்டாசியம் குறைந்திருந்தவர்களுக்குப் பெரிட்டோனைட்டிஸ் அதிகமாகக் காணப்பட்டது. அதோடு நிற்காமல், பொட்டாசியம் குறைந்திருந்த நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அளவு 4க்கும் 5க்கும் இடையில் நிற்கும்படி பொட்டாசியம் கொடுத்துப் பார்த்த சோதனையொன்றின் முடிவு 2022இல் தாய்லாந்திலிருந்து வெளியானது. அந்தக் குழுவினருக்கு முதல் பெரிட்டோனைட்டிஸ் வருவது கணிசமாகத் தள்ளிப்போயிற்று. அது சிறிய சோதனைதான். யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பதும் மறைக்கப்படவில்லை. ஆயினும் இரத்தத்தில் ஓர் எண்ணைத் திருத்தியதால் தொற்று குறைந்தது என்று சோதித்துக் காட்டப்பட்ட வேறொரு குறியீட்டை என்னால் இங்கே சுட்ட முடியவில்லை. பன்னாட்டுப் பெரிட்டோனியல் டயாலிசிஸ் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், பொட்டாசியக் குறைவைச் சரிசெய்வது பெரிட்டோனைட்டிஸைக் குறைக்கக்கூடும் என்று, வலுவற்ற பரிந்துரையாகவே எனினும், சேர்த்திருக்கிறது.

வழிப்போக்கன் எழுதியது:

மருத்துவர் நியூட்ரோபில், லிம்போசைட் விகிதத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே? அதற்குத் தனிச் செலவு கிடையாது. மாதாமாதம் எடுக்கும் முழு இரத்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது. என் மாமாவும் இதே சிகிச்சையில் இருப்பதால் அவருக்கு நான் அதைக் கணக்கிட்டுக் குறித்துவைக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் எச்சரிக்கையை ஏன் விட வேண்டும்?

குருதிச்சோதனையாளர் எழுதியது:

இலவசம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எச்சரிக்கை என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் மருத்துவன் அல்லன், மருத்துவமனை ஆய்வகமொன்றில் நீண்ட காலம் பணிபுரிபவன். இந்த விகிதம் நலமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கும். மன உளைச்சல், ஸ்டீராய்டு மாத்திரை, சளிக்காய்ச்சல், முந்தைய நாள் செய்துகொண்ட சிறு அறுவை என எது வந்தாலும் நியூட்ரோபில் கூடி லிம்போசைட் குறையும், விகிதம் ஏறிவிடும். இதைத் தொற்றோடு தொடர்புபடுத்தும் கட்டுரைகளில் மிகுதியானவை, ஒரே மருத்துவமனையின் பழைய கோப்புகளைப் புரட்டி, அதே கோப்புகளிலிருந்து ஓர் எல்லையைத் தேர்ந்தெடுத்து, அந்த எல்லை நன்றாக வேலைசெய்கிறது என்று அதே கோப்புகளைக் கொண்டே சொல்பவை. வினாத்தாளைப் பார்த்துவிட்டு எழுதிய தேர்வைப் போன்றது அது. வேறோர் ஊரின் நோயாளிகளிடம் அதே எல்லையை வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது என்பதே கேள்வி; கட்டுரைக்குக் கட்டுரை எல்லை மாறிக்கொண்டே இருப்பதிலிருந்து விடையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நன்றாக நடக்கும் ஒரு மையத்தில் பெரிட்டோனைட்டிஸ் ஆண்டுக்கு ஒரு நோயாளிக்கு 0.40 தடவைக்கு மேல் போகக்கூடாது என்பது மருத்துவர் குறிப்பிட்ட அதே வழிகாட்டுதல் வைத்திருக்கும் இலக்கு. அதாவது முப்பது மாதத்துக்கு ஒருமுறை. மாதக் கணக்கில் பார்த்தால் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 33 பேருக்கு அந்த மாதம் தொற்று வரும். 967 பேருக்கு வராது. இப்போது, வரப்போகிறவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாகப் பிடிக்கிற, வராதவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக விட்டுவிடுகிற ஒரு பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது மிகவும் தாராளமான கற்பனை. அது 33 பேரில் 26 பேரைக் காட்டிக்கொடுக்கும். அதே மூச்சில், தொற்று வராத 193 பேரையும் ஆபத்தானவர்கள் என்று அறிவித்துவிடும். ஆபத்து என்று முத்திரை குத்தப்பட்ட 219 பேரில் எட்டுக்கு ஒருவருக்குத்தான் உண்மையில் தொற்று வரப்போகிறது. மற்றவர்கள் அந்த மாதம் முழுவதும் தூக்கமின்றி இருப்பார்கள். சிலருக்குத் தேவையற்ற ஆன்டிபயாடிக்கும் கிடைக்கும். அது பின்னர் பூஞ்சைத் தொற்றுக்கு வழிசெய்யும் என்பதும், பூஞ்சை வந்தால் வயிற்றில் பொருத்திய டயாலிசிஸ் குழாயையே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதும் இங்குள்ள பலருக்கும் தெரிந்திருக்கும்.

ஆய்வகம் சார்ந்து இன்னும் இரண்டு செய்திகள். அல்புமினை அளக்க இருவகைச் சாயங்கள் பயன்படுகின்றன. புரோமோகிரசால் பச்சை என்பது மற்றதான புரோமோகிரசால் ஊதாவைவிடக் கூட்டியே காட்டும், டயாலிசிஸ் நோயாளிகளில் அந்த வேறுபாடு டெசிலிட்டருக்கு அரை கிராம் வரைகூட இருக்கக்கூடும். சென்ற மாதம் ஓர் ஆய்வகம், இந்த மாதம் இன்னோர் ஆய்வகம் என்று மாறினால், உடலில் எதுவும் மாறாமலேயே அல்புமின் ஏறியதாகவோ இறங்கியதாகவோ தோன்றும். பொட்டாசியத்தில் நேர் எதிரான தொல்லை. வீட்டில் எடுத்த இரத்தம் வண்டியில் பல மணி நேரம் காத்திருந்தால், அல்லது எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால், உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து அளவு பொய்யாக உயரும். ஆகவே 3.2 என்று வந்திருப்பது மெய்யாகவே 3.2 ஆகவோ அதற்கும் கீழாகவோ இருக்க வாய்ப்புண்டு. கசிவினால் குறைந்துகாட்ட வழியில்லை. அந்த எண்ணை நான் அலட்சியம் செய்ய மாட்டேன்.

வீட்டுமுறைச் செவிலியர் எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பை மாற்றப் பயிற்றுவிக்கும் பணியில் இருப்பவள் என்ற முறையில், இரத்தத்தில் தெரியாத சிலவற்றைக் கேட்க விரும்புகிறேன்.

சென்ற முறை வளர்ந்த கிருமி எது என்று அறிக்கையில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்றால், இணைக்கும்போது கை பட்டிருக்கலாம். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அல்லது சூடோமோனாஸ் என்றால், குழாய் வெளிவரும் இடத்தையும் தோலுக்கடியில் அது செல்லும் பாதையையும் பார்க்க வேண்டும். ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை என்றால் குடல் பக்கம் திரும்ப வேண்டும். நுழைந்த வாசல் எது என்று தெரிந்தால்தான் எந்தக் கதவை அடைப்பது என்று தெரியும், சி.ஆர்.பி. எல்லா வாசலுக்கும் ஒரே மணியை அடிக்கும். இந்தச் சிகிச்சையின் வரலாற்றிலேயே தொற்றைப் பெருமளவு குறைத்தது ஒரு குழாயின் வடிவம்தான். 1976இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இந்த முறையை விவரித்தபோது கண்ணாடிக் குப்பிகளில் திரவம் வந்தது. தொற்றோ ஓயாத தொல்லை. டொராண்டோவில் மருத்துவர் ஓரியோபுலோஸ் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். பிறகு இத்தாலியில், புதுத் திரவத்தை உள்ளே விடுமுன் குழாயைக் கழுவிவிடும் ஒய் வடிவ இணைப்பு வந்தது. இன்று நம் நோயாளிகள் "முதலில் கழுவு, பிறகு நிரப்பு" என்று மனப்பாடம் செய்வது அதைத்தான்.

பின்வருவனவற்றையும் கேட்கிறேன். அம்மாவுக்கு மலச்சிக்கல் உண்டா? வயிற்றெரிச்சலுக்கு என்று கடையில் வாங்கும் கேஸ் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறாரா? அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளில் ஒரு வகையைக் கூடியவரை தவிர்ப்பது குடல்வழித் தொற்றைக் குறைக்கலாம் என்று அந்த வழிகாட்டுதல் சொல்கிறது. பை மாற்றும் அறைக்குள் பூனை வருகிறதா? குழாய் வாயிலில் தினமும் முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு தடவுகிறீர்களா? நீரிழிவால் பார்வை மங்கியிருந்தால் இணைக்கும் இடம் அவருக்குத் தெளிவாகத் தெரிகிறதா?

இறுதியாக, நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. இயந்திர டயாலிசிஸ் காலத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட உணவுக் கட்டுப்பாட்டை அம்மா இன்னும் கடைப்பிடிக்கிறாரா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்ததும் திகைத்துப்போனேன். ஆம், இன்றளவும் காய்களை நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறோம். கீரை, வாழைப்பழம், இளநீர், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் இரண்டாண்டுகளாக வீட்டில் அம்மாவின் தட்டுக்குப் போனதில்லை. முறை மாறியபோது இதை மாற்றச் சொல்லி யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்து, பயத்தில் நாங்கள் காதில் வாங்காமல் இருந்திருக்கவும் கூடும். பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன்: கடந்த ஐந்து மாதப் பொட்டாசியம் 3.4, 3.3, 3.1, 3.3, 3.2. வளர்ந்த கிருமி ஈ.கோலை. மலச்சிக்கல் உண்டு, கேஸ் மாத்திரையும் உண்டு. பூனை மட்டும் இல்லை. நாளை முதல் இளநீர் கொடுக்கத் தொடங்கலாமா?

சிறுநீரகவியல் பயிலும் மருத்துவர் எழுதியது:

இளநீரில் தொடங்க வேண்டாம். முதலில் அந்த ஐந்து எண்களையும் ஒரே தாளில் எழுதி, அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரோடும் அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் பெருக்கும் ஃபுரோசெமைடு பொட்டாசியத்தைக் குறைக்கும். டெல்மிசார்டன் வகை இரத்த அழுத்த மருந்துகளும் ஸ்பைரோனோலாக்டோனும் கூட்டும். இன்சுலின் அதை இரத்தத்திலிருந்து உயிரணுக்களுக்குள் தள்ளும். மக்னீசியம் குறைவாக இருந்தால் பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது. அதையும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். இவற்றைப் பார்த்துவிட்டு, காய்களின் தண்ணீரை வடிப்பதை நிறுத்தினாலே போதுமா, பொட்டாசியம் குளோரைடு மருந்து வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். நீரிழிவு இருப்பதால் எந்தப் பழம், எவ்வளவு என்பதும் அளந்துதான் சேர்க்கப்பட வேண்டும். மாற்றம் செய்தபின் ஓரிரு வாரத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும், ஏனெனில் அளவு மீறி ஏறினால் இதயத்துடிப்புக்கு ஆபத்து. மலச்சிக்கலைத் தீர்ப்பதையும், கேஸ் மாத்திரை உண்மையில் தேவைதானா என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.

தம்பியின் தொகுப்புக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் சிறு பகுதியைக் கொண்டு, வெள்ளணுக்களைக் காட்டும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டைகளை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பை கலங்கலாகத் தோன்றும்போது வடிந்த திரவத்தில் அதை நனைத்துப் பார்க்கலாம். ஆனால் பட்டை எதுவும் காட்டாவிட்டாலும், கலங்கல் இருந்தாலோ வயிறு வலித்தாலோ அந்தப் பையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே கன மில்லிமீட்டருக்கு 100க்கு மேல் வெள்ளணுக்கள், அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோபில் என்று தெரிந்தால், கிருமி வளர்ப்பு முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்குவார்கள். மருத்துவமனையை அடைந்தபின் மருந்து தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் விளைவை மோசமாக்குகிறது என்பதை மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அம்மா பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.